உச்சி வெயில் இருவருக்கும் பொது

சேசு மரி சூசை

ரயில்வே கோட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
10-12-1933, ஞாயிறு

பிரியமுள்ள மகதலேனாவுக்கு,

நானும் பிள்ளைகளும் காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்கிறோம். உன் ஊசிப் புண் ஆறியதா என்று அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. போன கடிதத்தை அங்கே ஆஸ்பத்திரியில் கிருமி சாக ஆவியில் காட்டி அனுப்பியதில் மை ஊறிப்போய், ‘ஊசி’ என்ற சொல்லும் ‘கத்தரிக்காய்’ என்ற சொல்லும்தான் தெளிவாகத் தெரிந்தன. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பெரியவன் பேசிலும் ஒரு மாலை முழுவதும் யோசித்தோம்.

நேற்று எனக்கு ஒரு மானக்கேடு நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால் கைலியோடு குந்தி, என் சவரக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எதிர்ச் சுவரில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். நம் சின்னவள் கெர்ட்ரூட், நான் வேலையிலிருந்து எடுத்து வந்த உடைந்த சிவப்பு விளக்குக் கண்ணாடியை அதற்கு முன்னால் பிடித்தாள். சிவப்பாக வந்தது பார், அழகோ அழகு. அந்த அழகு நேராக யார்டுக்குள் போய், பதினொரு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த என்ஜினின் முகத்தில் விழுந்தது. பகலில் சிவப்பைக் கண்ட டிரைவர் பிரேக்கைப் பிடித்துவிட்டார். பதினொரு பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று இடித்த சத்தத்தில் நம் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

டிரைவர் யார் என்றால் கன்னையா அண்ணன். இறங்கி நேராக நம் வீட்டுப் பக்கம் நடந்து வந்து, கோழிக்கூண்டை எட்டிப் பார்த்தார். “ஏன் வாலண்டைன், ராத்திரி லாம்பு ஏத்துறது பத்தாதுன்னு இப்ப சூரியனையும் நீதான் ஏத்துறியா?” என்று கேட்டார். சிக்னல் விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றி வயிறு வளர்க்கிறவன், தப்பான சிக்னல் காட்டிப் பிடிபட்டால் எப்படி இருக்கும்! கண்ணாடியைக் கைலிக்குள் மறைக்கப் பார்த்தேன். கைலி அவிழ்ந்தது. மீதியை நீயே நினைத்துக்கொள்.

நான் ஏன் இந்த வயதில் கண்ணாடியோடு விளையாடுகிறேன் என்று நீ கேட்பாய். பேசிலின் வாத்தியார் விடுமுறைக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு காரியம் கையால் செய்து, கண்ணால் பார்த்து, எழுத வேண்டுமாம். வீட்டில் பெரியவர் உதவலாமாம். வீட்டில் இருக்கிற பெரியவர் நான்காம் வகுப்போடு நின்றவர் என்பது வாத்தியாருக்குத் தெரியாது.

முதல் வாரம் பிஸ்கட் டின்னில் ஆணியால் ஒரு துளை போட்டு, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டினோம். தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால், நம் தெருவே காகிதத்தில் தெரிகிறது, ஆனால் தலைகீழாக. ரயில் வானத்தில் ஓடியது. நான் டின்னைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக் கவிழ்த்துப் பிடித்தேன். அப்போதும் தலைகீழாகத்தான் ஓடியது. “டின்ன திருப்பினா சரியாவாதுப்பா, வெளிச்சமே அந்தத் துளைக்குள்ள குறுக்க போவுது” என்றான் பேசில். ஒன்பது வயதுப் பையன் சொன்னது எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த வாரம் செம்பருத்திப் பூவை வேகவைத்தோம். அந்தச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு, சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை. என் பூசைச் சட்டைப் பையில் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது. பங்குச் சாமியார் அதையே பார்த்துக்கொண்டு நன்மை அப்பம் கொடுத்தார்.

மூன்றாம் வாரம்தான் விஷயம். பாலத்துக்கு அப்பால் மேட்டில் மூவரும் உட்கார்ந்து, தூரத்தில் கன்னையா அண்ணனின் என்ஜின் ஊதுவதைப் பார்த்தோம். வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. பேசில் விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியான பிறகுதான் சத்தம் வந்து சேர்கிறது. “வெளிச்சம் ஓடுது, சத்தம் நடந்து வருது” என்றாள் கெர்ட்ரூட். பேசில் சும்மா இருக்கவில்லை. “அப்ப சத்தம் எட்டாத எடத்துக்கும் வெளிச்சம் போகுமாப்பா? சுங்கை பூலோவுக்குப் போகுமா?” என்றான். “அங்க யாரு இருக்கா?” என்றாள் சின்னவள். “அம்மா” என்றேன். “அம்மாதான் செத்துப் போச்சே” என்றாள், மழை நின்றுவிட்டது என்பது போல.

இதை உன்னிடம் மறைத்துவிடலாம் என்று பல நாள் பார்த்தேன், மகதலேனா. முடியவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறையில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்களே, அன்றைக்கே அவள் என் சட்டையை இழுத்து, அம்மாவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டாள். கிள்ளானிலிருந்து என் அக்கா பெர்னடெட் வந்திருந்தபோது சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்காவைக் கேட்டேன். “பெருவியாதின்னு, குஷ்டம்னு வெளிய தெரிஞ்சா இவளுக்கு நாளைக்கு எவன் மாப்பிள்ளை தருவான்? உசிரோட இருக்கான்னா புள்ள தினமும் ஏங்கும். செத்துட்டான்னா ஒரு தடவ அழுதுட்டு விட்டுடும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் வந்து, கெர்ட்ரூடைக் கிள்ளானுக்கே கூட்டிப் போய்த் தாயில்லாப் பிள்ளை என்று பள்ளியில் சேர்க்கப் போகிறாராம்.

நீ அந்தக் குடியிருப்புக்குப் போனபோது அவளுக்கு நான்கு வயது. இப்போது ஆறு. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் போட்டோவைக் காட்டி, அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றேன். “செத்தவங்களுக்கும் போட்டோ இருக்கு. நானே பாத்தாதான் நம்புவேன்” என்கிறாள். நோட்டுக் கொடுத்த வாத்தியார் இவளைக் கண்டால் மகிழ்ந்துபோவார்.

ஆகவே கேள். காய்கறித் தோட்டத்தின் பின்னால் நின்றால், வேலிக்கு வெளியே ஒற்றை மரம் நிற்கிற குன்று தெரியும் என்று ஒரு முறை சொன்னாயே. போன வாரம் போய்ப் பார்த்தேன். அது ரப்பர் மரம் நட்ட கித்தாத் தோட்டத்துக்குச் சேர்ந்த குன்று. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி கார்த்திகேசு நல்ல மனிதர், ஏறிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அங்கிருந்து உன் தோட்டத்துக்கு அரை மைலுக்கு மேல் இருக்காது. ஜனவரி ஏழாம் தேதி, ஞாயிறு, காலை ஒன்பதரைக்கு நாங்கள் அங்கே நிற்போம். கண்ணாடியில் மூன்று முறை வெளிச்சம் காட்டுவோம். நீயும் ஒரு கண்ணாடியில் மூன்று முறை காட்டு. அவ்வளவுதான்.

பிள்ளைகளின் முத்தத்தோடு,
வாலண்டைன்


பிரிக்பீல்ட்ஸ்
27-12-1933

பிரியமுள்ள மகதலேனாவுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போயிற்று. நான் சுட்ட அதிரசத்தைப் பக்கத்து வீட்டு இராஜம்மா தட்டில் தட்டிப் பார்த்து, “அண்ணே, இத தண்டவாளத்துக்கு அடியில வைக்கலாம்” என்றார்.

உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை மை கரையவில்லை. கரைந்திருந்தால் தேவலை. கண்ணாடி பார்ப்பதை விட்டு ஒரு வருடம் ஆயிற்று, உன்னிடம் கண்ணாடியே இல்லை என்று எழுதியிருக்கிறாய். பிள்ளை நீ செத்ததாகவே நினைக்கட்டும், அக்கா சொல்வதுதான் சரி என்றும் எழுதியிருக்கிறாய். மூன்று பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் வெளியே விட்டாலும், இந்த முகத்தோடு வந்து பிள்ளைகளுக்குத் தலைகுனிவு தேடித்தர மாட்டேன் என்கிறாய். நான்காம் வகுப்புப் படிப்பு இதற்குப் பதில் எழுதப் போதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, கண்ணாடி வேண்டாம். மண்ணெண்ணெய் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டித் தட்டையாக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்தால் போதும். பிள்ளைகள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பேசில் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று தகட்டைக் காட்டினான், கெர்ட்ரூட் இந்தக் கோடியில் நின்று கண்ணைக் கசக்கினாள். கண்ணாடி அளவுக்கு இல்லை, ஆனால் தெரிகிறது.

இரண்டாவது, நேரத்தை மாற்றியாயிற்று. ஒன்பதரை என்று நான் எழுதியது சுத்த முட்டாள்தனம். காலையில் மைதானத்தில் சோதித்தபோது, சூரியனைப் பார்த்து நிற்கிறவனுக்கு வெளிச்சம் அடிப்பது சுலபமாக இருந்தது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்றவள் தகட்டை எப்படிச் சாய்த்தாலும் ஒரு கோடு அளவுதான் போயிற்று. இருவரும் இடம் மாறிப் பார்த்தார்கள், அதே கதை. நான் தகட்டில்தான் கோளாறு என்று சாம்பலை எடுக்கப் போனேன். பேசில் தரையில் குச்சியால் கோடு கோடாகப் போட்டுப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு மணிக்குச் செஞ்சா? சூரியன் யாரு பக்கமும் இல்லாம தலைக்கு மேல நிக்கும்ல?” என்றான். பன்னிரண்டு மணிக்குச் செய்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது. உச்சி வெயில் இருவருக்கும் பொது என்று நோட்டில் எழுதியிருக்கிறான். எனக்குப் பெருமையில் கிறுகிறுத்தது, வெயிலிலும்தான். ஆகவே பகல் பன்னிரண்டு மணி.

மூன்றாவது, குறி பார்க்கும் வித்தை. ஒரு கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, நடுவில் குன்றின் மரம் தெரியும்படி பிடித்து, வெளிச்சம் அந்த விரல்களில் விழும்படி தகட்டைச் சாய்த்தால், அது நேரே மரத்துக்குப் போய்ச் சேரும் என்று கன்னையா அண்ணன் சொல்லிக் கொடுத்தார். பட்டாளத்தில் இருந்த அவர் மாமன் சொன்னதாம். சிவப்பு காட்டிய கோபம் அவருக்குப் போய்விட்டது. சாயங்காலமானால் அவரும் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். நான் விரல் வேண்டாம், ஒரு கவட்டைக் குச்சியைத் தரையில் நட்டுச் செய்யுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். கை வலிக்கும் என்றேன். குச்சி நன்றாகவே வேலை செய்கிறது. நீயும் குச்சி நட்டுக்கொள், விரலை விரிக்க வேண்டாம்.

நீ வருவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வருவோம். அக்காவும் அன்று கூட வருகிறார். உன்னிடமிருந்து வெளிச்சம் வராவிட்டால், குன்றிலிருந்து இறங்கி அப்படியே கெர்ட்ரூடைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். எந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன் என்று கேட்காதே.

வாலண்டைன்


பிரிக்பீல்ட்ஸ்
8-1-1934, திங்கள்

என் மகதலேனாவுக்கு,

நேற்று அந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். யார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், சிக்னல் விளக்குகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு ரயில் ஏறினோம். அக்கா கறுப்புக் குடையும், கெர்ட்ரூடுக்குப் புதுக் கவுன் வைத்த தகரப் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். கன்னையா அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பேசிலுக்குக் கட்டிவிட்டார். அது முழங்கை வரை ஏறிப்போயிற்று. சுங்கை பூலோவில் இறங்கி, மண்சடக்குச் சாலையில் நடந்து, குன்று ஏறினோம். அக்கா ஏறும்போதே மூன்று ஜெபமாலை முடித்துவிட்டார். நான்காவதைத் தொடங்கும் முன் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்குக் கவட்டைக் குச்சியை நட்டோம். கீழே உங்கள் குடியிருப்பின் கூரைகள், தண்ணீர்த் தொட்டி, கத்தரித் தோட்டம் எல்லாம் தெரிந்தன. ஆட்கள் எறும்பு போல. எந்த எறும்பு நீ என்று தெரியவில்லை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து நேராகச் சூரியன்மேல் உட்கார்ந்தது. மேகத்தைப் பற்றி நாங்கள் நோட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே கால் ஆயிற்று. “அப்பா, அம்மா இருந்தா போயிடுமா?” என்று கெர்ட்ரூட் கேட்டாள். ‘இருந்தா’ என்றாள், கவனி. இல்லை, நிற்கும் என்றேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வெயில் வந்தது. பேசில் குச்சி பார்த்து, மூன்று முறை அடித்தான். பதில் இல்லை. மறுபடி மூன்று. இல்லை. நான் வாங்கி மூன்று அடித்தேன். அது உன் பக்கம் போகாமல் ஒரு மாட்டின் மேல் விழுந்து, மாடு ஓடியது. அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “போதும்டா தம்பி. புள்ள வெயில்ல கறுத்துப் போவுது. வா கெர்ட்ரூட்” என்று பெட்டியை எடுத்தார். கெர்ட்ரூட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் திரும்பி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா!” என்று பேசில் கத்தினான்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மின்னல். உடனே இன்னொன்று. பிறகு நின்றுவிட்டது. என்ன இது, இரண்டோடு நின்றுவிட்டதே என்று நான் பதறினேன். கொஞ்சம் பொறுத்து ஒன்று வந்தது. மறுபடி அதே போல: இரண்டு, ஒரு நிறுத்தம், ஒன்று. “எழுதினது சேர்ந்தாப்பல மூணு. ஒழுங்கா அடிக்கக்கூட உன் அம்மாவுக்கு வரல” என்று நான் சொன்னேன். மன்னித்துக்கொள், உண்மையில் அப்படித்தான் சொன்னேன். கண்ணை மறைக்கும் அளவுக்கு நீர் வழிய நின்றுகொண்டு உன்னைக் குறை சொன்னேன்.

கெர்ட்ரூட் அக்காவின் கையை உதறினாள். “சோறு!” என்று கூவினாள். “அம்மா சோத்துக்குக் கூப்பிடுது!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசில்தான் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வாய்விட்டுக் கூப்பிடமாட்டாயாம். அகப்பையால் சட்டி விளிம்பில் தட்டுவாயாம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. தெருவில் எத்தனை சட்டியின் சத்தம் கேட்டாலும் எது நம் வீட்டுச் சட்டி என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். அவனே மறந்திருந்தான். அவள் மறக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எப்போதும் யார்டில் விளக்குத் துடைத்துக்கொண்டிருப்பேன்; பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. நான் உனக்குச் சொல்லித் தராதது, வேறு யாருக்கும் தெரியாதது. அவள் கேட்டிருந்த அத்தாட்சி இதைவிட வேறு என்ன இருக்கிறது?

அடுத்த நிமிடம் சின்னவள் குன்றிலிருந்து உன்னை நோக்கி இறங்கி ஓட ஆரம்பித்தாள். பேசில் கவுனைப் பிடித்து நிறுத்தினான். “விடு! சோறு ஆறிடும்!” என்று அவன் கையைக் கடித்தாள். பல் பதிந்திருக்கிறது. அவன் அதைத் தழும்பாகவே வைத்துக்கொள்ளப் போகிறானாம்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பக்கம் திரும்பினார். “அவ இன்னும் நேரத்துக்குத்தான் சோறு போடுறா” என்றார், யாரிடமும் சொல்லாமல். பிறகு கண்ணாடியைக் கொடு என்று வாங்கினார். சாய்க்கத் தெரியாமல் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு, நான்கு தும்மல் போட்டார். ஆனால் விடவில்லை. கடைசியாகக் கொஞ்சம் தடுமாறி வந்த வெளிச்சம் அக்காவுடையது. அவர் தனியாகத்தான் கிள்ளானுக்குப் போனார். தகரப் பெட்டி இங்கேயே இருக்கிறது. கவுன் இரண்டு அங்குலம் நீளம். அடுத்த வருடத்துக்குச் சரியாக இருக்கும் என்கிறார்.

அப்புறம் நடந்ததை நீ திட்டம் போட்டுச் செய்தாயா, தானாக நடந்ததா என்று எழுது. உன் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று மின்னியது. பிறகு தண்ணீர்த் தொட்டி அருகே ஒன்று. பிறகு கூரைகளுக்கு நடுவே, வேலியோரத்தில், படிக்கட்டில். டின் மூடியோ, தட்டோ, கையில் கிடைத்ததை எல்லாரும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள் போல. பதினேழு என்று பேசில் எண்ணினான். பத்தொன்பது என்று கெர்ட்ரூட் சாதிக்கிறாள். பள்ளத்தாக்கு முழுவதும் பகலில் நட்சத்திரம் முளைத்தது போல இருந்தது. “அவங்க புள்ளைங்கல்லாம் ஏன் வரலப்பா?” என்று பேசில் கேட்டான். “அதான் நாம வந்திருக்கமே” என்றேன். இருவரும் மாறி மாறி, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மூன்று மூன்று முறை பதில் கொடுத்தார்கள். ஒருவரைக்கூட விடவில்லை. கை சோர்ந்துபோய் மடியில் விழுந்தபோது மணி ஒன்றரை. அவர்கள் யார், என்ன பெயர் என்று கேட்டு எழுது. ராத்திரி ஜெபத்தில் ‘தண்ணித் தொட்டி அங்கிள்’, ‘படிக்கட்டு ஆன்டி’ என்று கெர்ட்ரூட் சொல்கிறாள். கடவுளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

நேற்றே நோட்டில் எழுதியாயிற்று. பேசில் எழுதியதை அப்படியே தருகிறேன். ‘செய்தது: அரை மைல் தூரத்துக்குச் சூரிய வெளிச்சம் அனுப்பினோம். பார்த்தது: வெளிச்சம் திரும்பி வந்தது. அறிந்தது: எங்கள் அம்மா இருக்கிறார்.’ அதற்குக் கீழே கெர்ட்ரூட், தனக்குத் தெரிந்த எழுத்தில், ‘சோறு’ என்று எழுதிச் சட்டிப் படம் போட்டிருக்கிறாள். வாத்தியார் எத்தனை மதிப்பெண் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. இன்று காலை யார்டுக்குள் நான் நடந்து வந்த நடையைப் பார்த்துக் கன்னையா அண்ணன், “என்ன, லைன் கிளியரா?” என்று கேட்டார். கிளியர் என்றேன்.

புண்ணுக்கு மருந்து தவறவிடாதே. ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. தேவதாய் உன்னையும், உன்னோடு தகடு பிடித்து நின்ற அத்தனை பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்று பாக்கி. எல்லாரும் இறங்கத் தொடங்கிய பிறகு, மரத்தடியிலிருந்து நீளமாக ஒரே ஒரு வெளிச்சம் உன்மேல் வந்து நின்றிருக்கும். அது நான். என்னப்பா செய்றீங்க என்று பேசில் கீழிருந்து கேட்டான். கண்ணாடி சரியா இருக்கான்னு பாக்குறேன் என்றேன். கண்ணாடியை நான் பார்க்கவில்லை, மகதலேனா. அவர்கள் உன்னை விடுகிற அன்று, உன் கையும் முகமும் எப்படி இருந்தாலும் சரி, நம் வீட்டுக்கு வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாலண்டைன்